மோதலும் பங்கீடும்

மாணவர் பலரும் கேரம் ஆடியிருப்பர். ஆட்டத்தின் தொடக்கத்தில், பலகையின் நடுவே 19 காய்களும் வட்டமாகச் செறிந்திருக்கும். ஸ்ட்ரைக்கர் என்னும் பெரிய காயை ஒருவன் சுண்டிவிடுகிறான். அஃது ஒரே நேர்க்கோட்டில் விரைந்து சென்று அக்கூட்டத்தைத் தாக்குகிறது. அந்நொடியே காய்கள் நாற்புறமும் சிதறுகின்றன. சில விரைந்தோடிப் பலகையின் ஓரத்தில் முட்டி மீள்கின்றன. சில மெல்ல நகர்ந்து நிற்கின்றன. சில இருந்த இடத்திலேயே சற்று அசைந்து அமைகின்றன. ஒரு காயினிடம் இருந்த ஓட்டம் பல காய்களுக்கும் பங்காயிற்று. நேரே சென்ற ஓட்டம் நெறியின்றிச் சிதறியும் போயிற்று.

சிதறிய காய்கள் தாமே திரும்பி வந்து, நடுவிற் கூடி, தம் ஓட்டம் அனைத்தையும் ஸ்ட்ரைக்கரிடம் ஒப்படைத்து, அதனை ஆடினவன் விரலை நோக்கித் திருப்பியனுப்புவதை எவரேனும் கண்டதுண்டோ? இல்லை. ஏன் இல்லை என்னும் கேள்வி சிறுபிள்ளையும் கேட்கத்தக்கது. ஆயின், அதற்கு விடை காண அறிஞர் பெருமக்கள் நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது. சூடான பால் ஆறுவதும், ஊதுவத்தியின் புகை அறையெங்கும் பரவுவதும், ஓடும் வண்டி தடை இட்டதும் நிற்பதும் ஆகிய எல்லாவற்றுக்கும் அவ்விடையே அடிப்படை. அதனை இப்பாடத்திற் காண்போம்.

மோதலின் விதி

ஓடுகின்ற பொருளுக்கு அவ்வோட்டத்தினால் ஓர் ஆற்றல் உண்டு. அதனை இயக்க ஆற்றல் என்பர். ஒரே வேகத்தில் ஓடும் இரு பொருள்களுள் ஒன்றன் நிறை மற்றதைப்போல் இருமடங்காயின், அதன் இயக்க ஆற்றலும் இருமடங்காகும். ஒரே பொருளின் வேகம் இருமடங்காயின், அதன் ஆற்றல் நான்கு மடங்காகும்.

ஒத்த நிறையுள்ள இரண்டு கோலிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று நிலையாக நிற்க, மற்றொன்று அதன்மேல் நேருக்கு நேராக மோதுகிறது. வந்த கோலி நின்றுவிடுகிறது. நின்ற கோலி அதே வேகத்தோடு முன்னே செல்கிறது. இங்கே ஆற்றல் முழுவதும் ஒன்றினின்று மற்றொன்றுக்குக் கைம்மாறியது. அக்கோலி நேரே மோதாமல் சற்று ஒருபுறமாக மோதினால், இரண்டுமே ஓடும். ஆற்றல் இரண்டிற்கும் பங்காகும். எவ்வளவு ஒருபுறமாக மோதியதோ அதற்கேற்பப் பங்கின் அளவும் ஓடும் திசையும் மாறும். வன்மையான கோலிகளாயின், மோதலுக்கு முன் இருந்த ஆற்றலின் மொத்தமும் பின் இருக்கும் ஆற்றலின் மொத்தமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

ஆகவே, மோதல் என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். ஒன்று இழந்ததை மற்றொன்று பெறுகிறது. இக்கணக்கில் ஓர் அணுவளவும் பிசகில்லை. அங்ஙனமாயின், கேரம் பலகையில் ஓடிய காய்கள் யாவும் சிறிது நேரத்தில் ஓய்ந்து நிற்கின்றனவே, அவற்றின் ஆற்றல் எங்கே சென்றது?

ஓய்ந்த ஓட்டம் ஒளிந்த இடம்

இக்கேள்விக்கு வழிகாட்டிய நிகழ்ச்சி ஒன்று செருமனி நாட்டின் மியூனிக் நகரத்தில் நிகழ்ந்தது. அங்கே பீரங்கி செய்யும் பணியைக் கண்காணித்து வந்த ரம்ஃபோர்டுப் பிரபு என்பார், பித்தளைக் குழலைக் குடையுங்கால் அது பெரிதும் சூடேறுவதைக் கண்டு வியந்தார். வெப்பம் என்பது கண்ணுக்குப் புலனாகாத ஒருவகைப் பாய்பொருள் என்று அக்காலத்தார் பலர் கருதினர். அவ்வாறாயின், பித்தளையில் அடங்கியிருந்த அப்பொருள் ஒருநாள் தீர்ந்துபோக வேண்டுமன்றோ? ரம்ஃபோர்டு ஒரு மழுங்கிய குடைகருவியைக் குதிரைகளைக்கொண்டு சுழற்றுவித்து, குழலைச் சுற்றித் தண்ணீரை நிரப்பி வைத்தார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பின்றியே அத்தண்ணீர் கொதித்தது. குதிரைகள் சுற்றுந்தொறும் வெப்பம் வந்துகொண்டே இருந்தது; அது தீரவே இல்லை. தீராமல் வருவது ஒரு பொருளாக இருத்தல் இயலாது. அஃது ஓர் இயக்கமாகவே இருத்தல் வேண்டும் என்று அவர் துணிந்தார். 1798ஆம் ஆண்டில் அக்கருத்தை வெளியிட்டார்.

பின்னர், 1840களில் இங்கிலாந்து நாட்டு ஜூல் என்னும் அறிஞர் இதனை அளந்தே காட்டினார். கயிற்றில் தொங்கும் எடைகள் கீழிறங்குங்கால், ஒரு கலத்து நீரினுள் துடுப்புகள் சுழலுமாறு அமைத்தார். சுழற்சியால் நீர் சிறிதளவு சூடேறியது. இன்று நாம் அறிந்த கணக்கின்படி, 1 கிலோகிராம் நீரை 1 பாகை செல்சியசு சூடேற்றுவதற்கு, அதே எடையுள்ள பொருள் ஏறத்தாழ 427 மீட்டர் உயரத்தினின்று விழுவதால் வரும் ஆற்றல் வேண்டும். 1 பாகை என்பது கைக்கும் புலனாகாத சிறு வேறுபாடு. அதனுள் எவ்வளவு பெரிய ஆற்றல் ஒளிந்துகிடக்கிறது, பாருங்கள்!

வெப்பம் என்பது, பொருளின் நுண்ணிய மூலக்கூறுகள் நெறியின்றித் துடிக்கும் இயக்கம். தேர்த்திருவிழாவில் வடம் பிடித்து இழுக்கும் ஆயிரவரையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் யாவரும் ஒரே திசையில் ஒருங்கே இழுக்கின்றனர். பெருந்தேர் அசைந்து நகர்கிறது. தேர் நிலைக்கு வந்தபின், அதே ஆயிரவர் கடைவீதியில் இங்குமங்குமாக நடக்கின்றனர். நடப்பவர் தொகையும் குறையவில்லை, நடையும் ஓயவில்லை, ஆயின், தேர் நகர்வதில்லை. எறியப்பட்ட கல்லின் மூலக்கூறுகள் யாவும் வடம் பிடித்தாரைப்போல் ஒரே திசையிற் செல்கின்றன. கல் தரையில் மோதி நின்றதும், அவ்வியக்கம் கடைவீதி மக்களின் நடையைப்போல் கல்லிலும் தரையிலும் உள்ள மூலக்கூறுகளிடையே சிதறிவிடுகிறது. கேரம் காய்களின் ஆற்றலும் இவ்வாறே பலகையிலும் காய்களிலும் காற்றிலும் மறைந்தது, அழிந்திலது.

இங்கே ஒரு பெரும் புதிர் எழுகிறது. 427 மீட்டர் வீழ்ச்சி 1 பாகை வெப்பமாக மாறுமாயின், 1 கிலோகிராம் நீர் தானே 1 பாகை குளிர்ந்து, அவ்வாற்றலைக்கொண்டு 427 மீட்டர் மேலே எழும்பலாமே? ஆற்றலின் கணக்கு அதனைத் தடுக்கவில்லை. வரவும் செலவும் சரியாகவே இருக்கும். ஆயினும், குடத்து நீர் தானே குளிர்ந்து வானில் எழுந்ததாக எங்கும் எக்காலத்தும் ஒருவரும் கண்டிலர். ஆற்றல் கணக்கு தடுக்காததை வேறு எது தடுக்கிறது?

நொடிக்கு எழுநூறு கோடி மோதல்

விடை காண, வளிகளின் இயல்பை அறிதல் வேண்டும். வளி என்பது ஓயாது ஓடும் நுண்துகள்களின் கூட்டம் என்றும், அவை கலத்தின் சுவரில் மோதுவதே அதன் அழுத்தம் என்றும் 1738ஆம் ஆண்டிலேயே டேனியல் பெர்னூலி என்பார் கூறினார். நூறாண்டுக்கும் மேலாக அக்கருத்தை மதிப்பார் மிகச் சிலரே. 1857இல் செருமானிய அறிஞர் கிளாசியசு அதனை விரிவாக ஆராய்ந்து, மூலக்கூறுகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன என்றார்.

உடனே டச்சு நாட்டு வானிலை அறிஞர் பய்சு பாலட்டு ஒரு தடை எழுப்பினார். மூலக்கூறுகள் அத்துணை விரைவாக ஓடுமாயின், அறையின் ஒரு மூலையில் திறந்துவிட்ட வளியின் நாற்றம் மறுமூலையை நொடிப்பொழுதில் அடைய வேண்டுமன்றோ? அவ்வாறின்றிப் பல நிமிடங்கள் செல்கின்றனவே, ஏன்? இத்தடை கிளாசியசை வீழ்த்தவில்லை. மாறாக, அவருடைய கொள்கையை வளர்த்தது. 1858இல் அவர் விடை கூறினார். மூலக்கூறு விரைவாகவே ஓடுகிறது; ஆயின், அது நேரே செல்ல வழியில்லை. அடிதோறும் மற்றொரு மூலக்கூறு குறுக்கிடுகிறது, மோதித் திசை மாறுகிறது, மீண்டும் மோதுகிறது. சந்தைக் கூட்டத்தில் விரைந்து நடப்பவனும் தெருவின் மறுகோடியை அடையக் காலம் பிடிப்பது போன்றது இது.

இன்று நாம் அறிந்த அளவுகள் இவை. நம்மைச் சூழ்ந்த காற்றில் உள்ள நைட்ரசன் மூலக்கூறு சராசரியாக நொடிக்கு ஏறத்தாழ 470 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இஃது ஒலியின் வேகத்தினும் மிகுதி. ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே அது கடக்கும் தொலைவோ, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 15,000இல் ஒரு பங்கே. எனவே, ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நொடியில் ஏறத்தாழ 700 கோடி முறை மோதுகிறது. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில், அஃதாவது ஒரு சிறு புளியங்கொட்டை அளவான இடத்தில், ஏறத்தாழ 2,70,000 கோடி கோடி மூலக்கூறுகள் உள்ளன. இவை அனைத்தும் ஓயாது கொடுக்கின்றன, ஓயாது வாங்குகின்றன.

பங்கீடு சமமன்று

இங்ஙனம் இடையறாது கொடுக்கல் வாங்கல் நிகழுமாயின், இறுதியில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தை அடைந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் பொருந்தாது. எல்லாம் ஒரே வேகத்தோடு தொடங்கினும், ஒருபுறமாக நிகழும் ஒரு மோதலே ஒன்றை விரைவுறுத்தி மற்றொன்றைத் தளர்த்திவிடும். சமநிலை ஒரு நொடியும் நில்லாது.

ஸ்காத்லாந்து நாட்டுப் பேரறிஞர் ஜேம்சு கிளார்க்கு மாக்சுவெல் 1859இல் இதன் உண்மையைக் கண்டார். எந்த மூலக்கூறு எந்த நொடியில் எவ்வளவு விரைவாக ஓடும் என்று கூற இயலாது. ஆயின், அக்கூட்டத்தில் எத்தனை விழுக்காடு மெல்ல ஓடும், எத்தனை விழுக்காடு நடுத்தரமாக ஓடும், எத்தனை விழுக்காடு மிக விரைவாக ஓடும் என்பதைத் திட்டமாகக் கூறலாம். ஒன்று விரையும்போது மற்றொன்று தளர்கிறது, ஆட்கள் மாறுகின்றனர், பகிர்வு மாறுவதில்லை. ஓர் ஊரில் நாள்தோறும் சிலர் பிறக்கவும் சிலர் இறக்கவும், சிறுவர் இத்தனை பேர், முதியோர் இத்தனை பேர் என்னும் விகிதம் பெரிதும் மாறாதிருத்தல் போன்றது இது.

மண்பானை நீர் குளிர்ந்திருப்பதற்கு இப்பகிர்வே காரணம். பானையின் நுண்துளைகள் வழியே கசிந்த நீரில் உள்ள மூலக்கூறுகளுள் மிக விரைவானவையே நீரின் பிடியைவிட்டு ஆவியாக வெளியேற வல்லன. விரைவானவை வெளியேறவே, எஞ்சியவற்றின் சராசரி ஆற்றல் குறைகிறது, நீர் குளிர்கிறது. எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகமுடையனவாயின் இக்குளிர்ச்சி இல்லை.

ஒவ்வொன்றன் ஆற்றலும் சமமன்று எனினும், சராசரியில் ஒரு சமம் உண்டு. இருவகை வளிகள் கலந்திருப்பின், மோதல்களின் முடிவில் அவ்விருவகையின் சராசரி ஓட்ட ஆற்றலும் ஒன்றாகிவிடும். வெப்பநிலை ஒன்று என்பதற்கு இதுவே பொருள். ஆக்சிசன் மூலக்கூறு ஐதரசன் மூலக்கூற்றினும் ஏறத்தாழ 16 மடங்கு நிறையுடையது. ஆதலின் ஐதரசன் நான்கு மடங்கு விரைவாக ஓடி அச்சமத்தைக் காக்கிறது. சூடான பொருளும் குளிர்ந்த பொருளும் ஒன்றையொன்று தொடுங்கால், மிக்க சராசரி உடையது கொடுக்கிறது, குறைந்தது வாங்குகிறது, இரண்டும் ஒன்றானதும் கொடுக்கலும் வாங்கலும் ஈடாகின்றன. ஆறிய பாலின் வரலாறு இதுவே.

போல்ட்சுமானும் லோசுமிட்டும்

1844ஆம் ஆண்டில் வியன்னா நகரத்திற் பிறந்த லுட்விக் போல்ட்சுமான் என்னும் அறிஞர், மாக்சுவெலின் கருத்தை மேலும் ஆராய்ந்தார். தொடக்கத்தில் மூலக்கூறுகளின் வேகம் எவ்வாறு இருப்பினும், மோதல்கள் அவற்றை மாக்சுவெல் கண்ட பகிர்வுக்கே கொண்டுசெலுத்தும். அப்பகிர்வை அடைந்தபின் அதனைவிட்டு விலகா என்று 1872இல் கணித வாயிலாக நாட்டினார். இயற்கை ஏன் ஒரே திசையிற் செல்கிறது என்னும் புதிர் அவிழ்ந்துவிட்டதாகத் தோன்றியது.

அவருடைய நண்பரும் முன்னோடியுமான லோசுமிட்டு, 1876இல் ஒரு வலிய தடையை எழுப்பினார். இரண்டு கோலிகள் மோதும் காட்சியைத் திரைப்படமாக எடுத்து அதனைப் பின்னோக்கி ஓட்டுவோமாயின், அதுவும் இயல்பான மோதலாகவே தோன்றும். மோதலின் விதி, முன்னோக்கிச் செல்லுதல், பின்னோக்கிச் செல்லுதல் என்னும் வேறுபாட்டை அறியாது. அப்படியாயின், ஒரு வளியின் எல்லா மூலக்கூறுகளையும் ஒரு நொடியில் அதே வேகத்தோடு எதிர்த்திசையில் திருப்பிவிட்டால், அவை வந்த வழியே மீண்டு சென்று, சிதறிய நிலையினின்று தொடக்கத்தில் இருந்த ஒழுங்குக்கே திரும்ப வேண்டும். திரும்ப இடந்தரும் விதிகளைக்கொண்டு, திரும்பாமை எங்ஙனம் நிறுவப்படும்? இதுவே லோசுமிட்டின் வினா.

தடையைக் கண்டு போல்ட்சுமான் சினந்திலர். அதன் வன்மையை உணர்ந்தார். 1877இல் அவர் தந்த விடை பௌதிக நூலின் போக்கையே மாற்றிற்று. ஒழுங்கு குலைவதற்குக் காரணம் தனி மோதலின் விதியன்று. எண்ணிக்கையே என்றார் அவர்.

ஏழு பிள்ளைகளும் ஏழு காசுகளும்

அவ்வறிஞர் எடுத்துக்கொண்ட எளிய கணக்கையே நாமும் பார்ப்போம். ஏழு மூலக்கூறுகள் உள்ளன. அவற்றுக்கு மொத்தம் ஏழு பங்கு ஆற்றல் உண்டு. இதனை, ஏழு பிள்ளைகளிடம் ஏழு காசுகள் இருப்பதாகக் கொள்வோம். காசைப் பிளத்தல் ஆகாது. எந்தப் பிள்ளையிடம் எத்தனை காசு என்று எத்தனை வகையாகப் பங்கிடலாம்? கணக்கிட்டால் 1,716 வகைகள் வரும்.

இவற்றுள், ஏழு காசும் ஒருவனிடமே இருக்கும் வகைகள் ஏழே. ஏனெனில், அவ்வொருவன் ஏழு பிள்ளைகளுள் எவனாகவும் இருக்கலாம். ஒவ்வொருவரிடமும் சரியாக ஒரு காசு இருக்கும் வகை ஒன்றே ஒன்று. மூவரிடம் ஒன்றுமில்லை, இருவரிடம் ஒவ்வொரு காசு, ஒருவனிடம் இரண்டு, ஒருவனிடம் மூன்று என்னும் கலப்பான பங்கீட்டுக்கோ 420 வகைகள் உண்டு. எந்தப் பங்கீட்டுக்கும் இதனினும் மிகுதியான வகைகள் இல்லை.

இனி, பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு தமக்குள் காசை ஓயாது கைமாற்றுவதாக எண்ணுங்கள். சிறிது நேரம் சென்று பார்ப்போமாயின், ஏழு காசும் ஒருவனிடம் இருப்பதைக் காண்பது அரிது. எல்லாரிடமும் ஒவ்வொன்று இருப்பதைக் காண்பது அதனினும் அரிது. கலப்பான பங்கீட்டைக் காண்பதே எளிது. கலப்பை நாடிச் செல்க என்று எவரும் அவர்களுக்குக் கட்டளையிடவில்லை. கலப்புக்கு வழிகள் பல, குவிப்புக்கு வழிகள் சில, அவ்வளவே. நாம் ஒழுங்கின்மை என்று கூறுவது, பல வழிகளில் அமையக்கூடிய நிலையையே ஆம்.

ஏழு என்னும் சிறு தொகையில் குவிப்பு அரிதேயன்றி இயலாததன்று. தொகை பெருகுந்தோறும் அவ்வருமை எவ்வளவு வளர்கிறது என்பதை வேறொரு கணக்காற் காண்போம். ஒரு பெட்டியில் 100 மூலக்கூறுகள் உள்ளன. அவை யாவும் இடப்பாதியிலேயே கூடுவதற்கு ஒரே வழி. மொத்த வழிகளோ 2ஐ 100 முறை பெருக்கினால் வரும் தொகை. நொடிக்கு ஒரு முறை அவை தம் இருப்பை முற்றிலும் மாற்றிக்கொள்வதாகக் கொண்டாலும், அந்த ஒரு வழி வாய்ப்பதற்குச் சராசரியாகச் செல்லும் காலம், நம் பேரண்டத்தின் அகவையாகிய ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டைப்போல் மூன்று லட்சம் கோடி மடங்காகும். நூறு மூலக்கூறுகளுக்கே இவ்வாறெனின், புளியங்கொட்டை அளவு காற்றில் உள்ள 2,70,000 கோடி கோடிக்கு என்ன சொல்வது!

குடத்து நீர் தானே வானில் எழாமைக்குக் காரணம் இப்போது விளங்கும். அதன் மூலக்கூறுகளின் துடிப்பு யாவும் ஒரு நொடியில் மேல்நோக்கி ஒருமுகப்படுமாயின் அஃது எழத்தான் செய்யும். விதி தடுக்கவில்லை. ஆயின், ஒருமுகப்படுதற்கு உள்ள வழிகள், சிதறியிருத்தற்கு உள்ள வழிகளின் முன் ஒரு பொருட்டாகா. கிளாசியசு 1865இல் என்ட்ரோபி என்று பெயரிட்ட அளவு, இவ்வழிகளின் தொகையைக் குறிப்பதே என்று போல்ட்சுமான் காட்டினார். வியன்னா நகரத்தில் அவர் கல்லறைமேல் அவ்வுண்மையைக் கூறும் சிறு சமன்பாடு பொறிக்கப்பட்டுள்ளது.

அணுவை நம்பாதார்

இத்துணைப் பெரிய விடையை உலகம் உடனே ஏற்றுக்கொண்டதோ எனின், இல்லை. அக்காலத்து அறிஞருள் எர்ன்சுட்டு மாக்கு, ஆசுவால்டு முதலியோர், அணுவும் மூலக்கூறும் கணக்குக்கு உதவும் கற்பனையேயன்றி உள்ள பொருள்கள் அல்ல என்றனர். கண்ணாற் காணாத ஒன்றை எண்ணி வழிவகுப்பது எங்ஙனம் அறிவாகும் என்பது அவர்கள் கருத்து. அணு இல்லையாயின், போல்ட்சுமானின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் நிற்க நிலமின்றிப் போகும். அவர் சளைக்காது வாதிட்டார்; பாடம் சொன்னார்; நூல் எழுதினார். உடல்நலமும் உளநலமும் குன்றிய நிலையில், 1906ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் அவர் காலமானார்.

அவர் மறைவதற்கு ஓராண்டு முன்பே சான்று பிறந்திருந்தது. 1827இல் இராபர்ட்டு பிரௌன் என்னும் தாவரநூல் அறிஞர், பூந்தாதினின்று வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாது நடுங்குவதை உருப்பெருக்கி வாயிலாகக் கண்டார். அந்நடுக்கம் நீர் மூலக்கூறுகளின் மோதலால் நிகழ்வதாயின் எவ்வளவு தொலைவு நகரும் என்பதை 1905இல் ஐன்சுடைன் கணக்கிட்டார். பிரெஞ்சு நாட்டு ழான் பெரன் 1908 முதல் அதனை நுட்பமாக அளந்து, கணக்கும் அளவும் ஒத்திருத்தலைக் காட்டினார். அதன் பொருட்டு 1926ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். ஆசுவால்டு 1909இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டு அணுவை ஏற்றார். சான்று கண்டதும் கொள்கையை மாற்றிக்கொள்ளுதலும் அறிஞர்க்கு அழகேயாகும். அதனைக் காணப் போல்ட்சுமான் இல்லாமை ஒன்றே வருந்தத்தக்கது.

லோசுமிட்டின் வினாவை நேரிற் சோதித்துப் பார்க்கும் காலமும் வந்தது. 1950களில் ஆல்டர், வெயின்ரைட்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், மின்னணுக் கணிப்பொறியில் உருண்டைகளின் மோதல்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டனர். எல்லாம் ஒரே வேகத்தோடு தொடங்கினும், ஒவ்வோர் உருண்டையும் ஒருசில மோதல்களைப் பெறுவதற்குள்ளேயே மாக்சுவெலின் பகிர்வு தோன்றிவிட்டது. 1967இல் ஆர்பன், பெல்லமன்சு என்னும் இருவர், 100 வட்டத் தட்டுகளைக் கணிப்பொறியில் மோதவிட்டு, இடையில் எல்லாவற்றின் திசையையும் எதிராகத் திருப்பினர். லோசுமிட்டு சொல்லியவாறே, அவை பழைய ஒழுங்கை நோக்கி மீண்டன! ஆயின், திருப்புங்கால் வேகங்களிற் சிறு பிழையைப் புகுத்தியபோது, பிழை மிகுந்தோறும் மீளுதல் குறைந்தது. ஒரு மோதலில் மயிரிழை அளவு பிசகிய திசை, அடுத்த மோதலில் விரல் அளவாகவும், அதற்கடுத்ததில் முழ அளவாகவும் வளர்ந்துவிடுகிறது. ஆகவே, லோசுமிட்டின் தடையும் மெய்யே. போல்ட்சுமானின் விடையும் மெய்யே.

அறிந்ததனால் ஆய பயன்

இவ்வுண்மை நம் அன்றாட வாழ்வையும் தொடுகிறது. ஆற்றல் அழியாது என்பதைக் கேட்ட ஒருவர், அங்ஙனமாயின் எரிபொருளைச் சிக்கனம் செய்வானேன் என்று கேட்கலாம். பெட்ரோலை எரித்து ஓடிய பேருந்து தடை இடப்பட்டு நிற்கிறது. அதன் ஆற்றலில் ஒரு துளியும் அழியவில்லை. தடைக்கட்டையிலும் சாலையிலும் காற்றிலும் உள்ள எண்ணிறந்த மூலக்கூறுகளுக்குப் பங்காகிவிட்டது. உள்ளது உளதே, ஆயினும் அதனைத் திரட்டி மீண்டும் ஒரு சக்கரத்தைச் சுழற்ற நம்மால் இயலாது. மூட்டையில் உள்ள நெல்லும் நெல்லே. காட்டில் வாரி இறைத்த நெல்லும் நெல்லே. அடுப்பில் ஏறுவது எது? ஆற்றலுக்குக் குறைவு நேர்வதன்று. திரண்ட நிலைக்கே குறைவு நேர்கிறது. நாம் காக்க வேண்டுவது அத்திரண்ட நிலையையே.

ஒழுங்கை உண்டாக்கவே இயலாதோ எனின், இயலும். ஆனால், விலை கொடுத்தல் வேண்டும். குளிர்ப்பெட்டி தன் உள்ளிடத்தைக் குளிர்விக்கிறது. அதன் பின்புறத்தில் கைவைத்துப் பாருங்கள், அது வெளியே கொட்டும் வெப்பம் புலனாகும். ஓரிடத்தில் ஒழுங்கு மிகுமாயின், வேறோரிடத்தில் அதனினும் மிகுதியாகச் சிதறல் உண்டாகியே தீரும். விதை முளைத்து மரமாவதும், உண்ட சோறு உடலாவதும் இக்கணக்குக்கு உட்பட்டனவே. கதிரவன் ஓயாது வழங்கும் ஒளியே பெரும்பாலும் அவ்விலையைச் செலுத்துகிறது.

ஒவ்வொரு மோதலும் விதிக்கு அடங்கியது. மோதல்களின் கூட்டமோ ஒழுங்கைக் குலைப்பது. முன்பின் அறியாத சிறு நிகழ்ச்சிகள் கோடி கோடியாகத் திரண்டு, திரும்பாத ஒரு பெரும்போக்காகின்றன. ஆறிய பால் தானே சூடாகாது. சிந்திய நீர் தானே குடம் புகாது. இவற்றை நாம் பிறந்தது முதல் கண்டுவருகிறோம். கண்டு பழகியதனால் வியப்பு நீங்கியது. வியப்பு நீங்கியதனால் கேள்வியும் நீங்கியது. அக்கேள்வியை விடாது பற்றியவர் சிலர். மாணவர்களே! அடுத்த முறை கேரம் பலகையின் முன் அமருங்கால், சிதறும் காய்களை ஒரு கணம் உற்று நோக்குங்கள். கண்ணுக்குப் புலனாகாத உலகில் நொடிதோறும் நிகழும் பங்கீட்டின் சாயலை அங்கே காண்பீர்கள்.